மேற்படி வலி

நெல் என்பது சோறாகும் பொருள் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஈரப்பதக் கண்காணிப்பு வாரியம் அப்படி நினைப்பதில்லை. வாரியத்தைப் பொறுத்தவரை நெல் என்பது தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடம். நூற்றுக்குப் பதினேழு பங்கு வரை ஒளிந்துகொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் ஒரு சொட்டு ஒளிந்தாலும் வாரியத்தின் பறக்கும் படை ஜீப்பில் வந்து பிடித்துவிடும்.

படை வடுகக்கொல்லை நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்தபோது எழில்மொழிக்கு முதல் நாள். வேலையில் அல்ல.

வேலையில் அவள் சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இயற்பியல் பட்டம் பெற்றவள். குறுவை அறுவடைக்கு மட்டும் எடுக்கப்படும் எழுத்தர். விவசாயி கொண்டுவந்து கொட்டும் நெல்லில் ஒரு பிடி அள்ளி, ஈரப்பத மெஷினில் போட்டு, அது காட்டும் எண்ணைப் பார்த்து ‘எடுக்கலாம்’ அல்லது ‘காயட்டும்’ என்று சொல்ல வேண்டும். அதிர்ந்து பேசத் தெரியாத பெண். ‘காயட்டும்’ என்பதை ஏதோ தன்னுடைய குற்றம் போலத்தான் சொல்வாள்.

படைக்குத் தலைவர் குஞ்சிதபாதம். இறங்கியதும் நேராக ஒரு குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். முகர்ந்தார். நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். பிறகு மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பதினாறு புள்ளி எட்டு என்று வந்தது. அவருக்கு வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார். எழில்மொழியின் இடுப்பில், துப்பட்டாவுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. அதில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இரண்டு ஒயர்கள் அதிலிருந்து கிளம்பி உடைக்குள் போயின.

“என்னம்மா அது?”

“மெஷின் சார்.”

“ஈரப்பத மெஷின் மேசையில இருக்கு. இது எந்த மெஷின்?”

“வலிக்கு சார்.”

“என்ன வலி?”

“வயித்து வலி.”

“வயித்து வலிக்கு மாத்திரைதானே போடுவாங்க? யாராச்சும் கரண்டு வைப்பாங்களா?”

மாத்திரை அவள் வயிற்றுக்குச் சேரவில்லை. போட்டால் வலியோடு வாந்தியும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வேளாங்கண்ணிக்காரி சான்ட்ரா அவளுடைய பள்ளித் தோழி, இப்போது தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட். அவள்தான் இந்த மெஷினைப் பற்றிச் சொன்னாள். அடிவயிற்றிலோ இடுப்பின் பின்பக்கத்திலோ இரண்டு பட்டைகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து லேசான மின்சாரம் தோலுக்கடியில் ஓடும். “வலி முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன்டி. வலி மூளைக்குப் போற ரோட்டுல கொஞ்சம் கூட்டத்த உண்டாக்கும். அது முட்டி மோதிப் போய்ச் சேர்றதுக்குள்ள நீ உன் வேலைய முடிச்சுக்கலாம்” என்றாள். முதல் சம்பளத்தில் எழில்மொழி வாங்கிய பொருள் இது ஒன்றுதான். மாதத்தில் எந்த நாளைப் பார்த்து அவள் பயந்துகொண்டிருந்தாளோ அந்த நாளில் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

இவ்வளவையும் அந்த ஜீப்புக்கு முன்னால் நின்று சொல்ல முடியாது. குனிந்துகொண்டு, “மாதவிடாய் வலி சார்” என்றாள்.

படையில் ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் ஜீப்பின் டயரைப் பார்த்தார். குஞ்சிதபாதம் சற்றுமுன் கடித்த நெல்லைத் துப்பினார்.

“ஒரே மேசையில ரெண்டு மெஷின். ரெண்டுலயும் ஒயர். ரெண்டுலயும் விளக்கு. ஈரம் பதினேழுக்குள்ளேயே நிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?”

“நல்லாக் காயவச்சிருக்காங்கன்னு அர்த்தம் சார்” என்றார் தியாகேசன். மூட்டை தூக்குபவர்களுக்கு அவர் மேஸ்திரி.

“உன்னைக் கேக்கல.”

பெட்டியைக் கழற்றித் தரச் சொன்னார். எழில்மொழி சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போய் அதைக் கழற்றிக்கொண்டு வரும்வரை படை முழுவதும் திரும்பி நின்றது. ஒழுக்கமான படை. பறிமுதல் குறிப்பில், ‘சந்தேகத்துக்குரிய கருவி ஒன்று, இரண்டு வால்களுடன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஜீப் போனதும் வலி வந்தது. கூட்டமில்லாத ரோட்டில் நேராக வந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டி, சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். குவியல்களின் சொந்தக்காரர்கள் அன்று மாலை வரை காத்திருந்தார்கள். காத்தாயி என்ற விவசாயி, கூலிக்கு நட்ட வயலையே இப்போது குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்பவள், ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“என்ன பாப்பா, தூரமா?”

எழில்மொழி தலையாட்டினாள்.

“அதுக்கா ஜீப்புல வந்தானுவ?”

*

விசாரணை தஞ்சாவூரில், வாரியத்தின் மாடி அறையில் நடந்தது. பெண் ஊழியர் மீதான விசாரணை என்பதால் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. வாரியம் விதிகளை மீறாது. தட்டச்சுப் பிரிவிலிருந்து நுஸைபா என்ற நாகூர்க்காரரைக் கூப்பிட்டு ஓரமாக உட்காரவைத்து, “நீங்க இருந்தாப் போதும்மா” என்று சொல்லியிருந்தார்கள்.

குஞ்சிதபாதம்தான் குழுவுக்கும் தலைவர். பிடித்தவரே விசாரிப்பதில் ஒரு வசதி உண்டு, நடந்ததை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

“இந்த வாரியத்துலயே என் தலை நரைச்சிருக்கு” என்று ஆரம்பித்தார். “இத்தன வருஷத்துல ஒரு பெண் ஊழியர்கூட என்கிட்ட வந்து இப்படி ஒரு வலின்னு சொன்னதில்ல. ஏன் சொல்லல? நிர்வாகம் அப்படி. வலிக்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரல.”

குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் அறிவுச்செல்வன் அதைக் குறித்துக்கொண்டார்.

“லீவு எடுப்பாங்க, இல்லேன்னு சொல்லல. காய்ச்சல்னு எழுதுவாங்க. மாசாமாசம் காய்ச்சல். எல்லாப் பொம்பளைங்களுக்கும். ஆம்பளைங்க ஒருத்தருக்கும் இல்ல. வேற அதிகாரியா இருந்தா விட்டிருப்பான். நான் விடல, ஆராய்ச்சி பண்ணினேன். தட்டச்சுப் பிரிவு ஜன்னலுக்குக் கீழ சாக்கடை. கொசு! உடனே மருந்தடிக்க உத்தரவு போட்டேன். அதுக்கு எனக்குக் கேடயம் குடுத்தாங்க.”

கேடயம் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. கொசுப் படம் போட்டது.

“காய்ச்சல் குறைஞ்சுதுங்களா சார்?” என்று அறிவுச்செல்வன் கேட்டார்.

“அது தொடர் முயற்சி.”

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. என்ன வலி என்று குறிப்பில் எழுதியாக வேண்டும். அறிவுச்செல்வன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ‘உடல்நிலை’ என்றார் ஒருவர். ‘இயற்கை’ என்றார் இன்னொருவர். ‘குடும்பச் சூழ்நிலை’ என்பதும் பரிசீலிக்கப்பட்டது. கடைசியில் குஞ்சிதபாதம் தீர்த்துவைத்தார்.

“மேற்படி வலின்னு போடுங்க.”

“மேல எங்கயும் வரலையே சார்?”

“வராம இருக்கிறதுதான்யா மரியாதை.”

எழில்மொழி மெதுவாக எழுந்து, “சார், நான் சொல்லிடறேன் சார், அது வந்து...” என்றாள்.

“உக்காரும்மா.” அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். “இனிமே வர்றது கொஞ்சம் விவரமா விவாதிக்க வேண்டிய விஷயம். லேடீஸ முன்னால வச்சுக்கிட்டுப் பேசறது நாகரிகமில்ல. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க.”

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. எழில்மொழி அதன் ஒரு முனையில் உட்கார்ந்தாள், விதிப்படியான பெண் உறுப்பினர் மறுமுனையில். கதவு சாத்தப்பட்டது.

“வெவரமானவங்க உள்ள இருக்காங்க. நமக்கு என்ன தெரியும்?” என்றார் நுஸைபா.

எழில்மொழிக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

“ஏம்மா, அத எந்த எடத்துல ஒட்டுவீங்க?”

“அடிவயித்துலக்கா. இல்லாட்டி பின்னால, இடுப்புல.”

“சுரீர்னு அடிக்குமா?”

“இல்ல. எறும்பு வரிசையாப் போற மாதிரி இருக்கும். வேணும்னா கூட்டிக்கலாம், கொறச்சுக்கலாம். எனக்குக் கேக்குது. சில பேருக்கு அவ்வளவாக் கேக்காதாம்.”

நுஸைபா பெஞ்சில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். உள்ளே யாரோ மேசையைத் தட்டும் ஓசை வந்தது.

“அவரு சொன்ன காய்ச்சல்ல பாதி என்னுது” என்றார். “அந்தக் கொசு மருந்து அடிச்சாங்க பாருங்க, அன்னிக்குத்தான் நெசமாவே காய்ச்சல் வந்துச்சு.”

*

குழு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கருவி ஈரப்பதத்தை மாற்றுகிறதா என்று பரிசோதித்துவிட வேண்டும். கருவியை எழில்மொழி தானே இயக்கிக் காட்டுவதாகச் சொன்னாள். சம்பந்தப்பட்டவர் தொடக் கூடாது என்றார்கள். ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். இருபது இருந்தது. பட்டைகளை நெல்லின் மேல் ஒட்டினார்கள். ஒட்டவில்லை, நெல்தான் பட்டையில் ஒட்டியது. செலோடேப் போட்டு மூட்டையோடு சேர்த்துச் சுற்றினார்கள். கருவியை முடுக்கிவிட்டு, அறை சின்னதாக இருந்ததால் மூட்டையைப் பிரித்து மொட்டை மாடியில் பரப்பி, பட்டைகளை நடுவில் வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போனார்கள். புரட்டாசி வெயில். சாப்பாட்டுக்குப் பின் சிலர் சற்றுக் கண்ணயரவும் செய்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது பதினாறரை இருந்தது.

அறிவுச்செல்வன் எண்ணை இரண்டு முறை பார்த்தார். “சார். மெஷின் வேலை செய்யுது சார்.”

“யாருக்கு?”

“நெல்லுக்கு.”

எழில்மொழிக்குப் பொறுக்கவில்லை. “சார், வெயில்ல காஞ்சிருக்கு சார்.”

“வெயில் வாரியத்தோட கட்டுப்பாட்டுல இல்லம்மா. கட்டுப்பாட்டுல இல்லாதத நாங்க கணக்குல எடுத்துக்க முடியாது.”

“அப்ப எனக்கும் வேலை செய்யுது சார். திருப்பிக் குடுத்துடுங்க.”

குஞ்சிதபாதம் கனிவோடு அவளைப் பார்த்தார். “நீ சம்பந்தப்பட்ட ஆளு. உனக்கு வலிச்சுது, இப்ப வலிக்கலேன்னு நீ சொல்றத ஆதாரமா எடுத்துக்க முடியுமா? நெல்லு அப்படியில்ல. நெல்லு நடுநிலை.”

அன்று இரண்டு உத்தரவுகள் பிறந்தன. மேற்படி வலிக்குக் கருவி பயன்படுகிறது என்று நிரூபிக்கப்படாததால் ஊழியர்கள் எந்தக் கருவியையும் உடலில் பொருத்திக்கொண்டு வேலைக்கு வரக் கூடாது. நெல்லுக்குப் பயன்படுகிறது என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதால் கருவி வாரியத்தின் சொத்தாக ஏற்கப்படுகிறது. அதன் முதுகில் வெள்ளை பெயின்டில் எண் எழுதினார்கள்.

எழில்மொழி மனு கொடுத்தாள். மனுவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். மறுவாரம் போய்க் கேட்டபோது தலைமை அலுவலகம் கருத்துக் கேட்டு அதைத் திருப்பி அனுப்பியிருந்தது, கருத்துச் சொல்ல வேண்டியவர் குஞ்சிதபாதம்.

“வேற ஒண்ணு வாங்கித் தொலைடி” என்றாள் சான்ட்ரா.

“உடம்புல எதையும் மாட்டக் கூடாதாம். புதுசையும் பிடுங்கிடுவாங்க.”

“மூக்குக்கண்ணாடி?”

“அதப்பத்தி விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்க. எங்க வாட்ச்மேன் காது மெஷினக் கழட்டிட்டாரு. இப்ப லாரி ஆரன் அடிச்சாலும் கேட்டத் தொறக்கறதில்ல.”

சான்ட்ரா சிரித்து முடித்துவிட்டு, “சரி, இப்ப என்னதான் பண்ணப்போற?” என்றாள்.

“அது என்னோடதுடி” என்றாள் எழில்மொழி. அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சான்ட்ரா புதுப் பட்டைகள் ஒரு பாக்கெட்டை அவள் கைப்பையில் போட்டாள். “பழசுல உமி ஒட்டியிருக்கும். கெடைச்சா இத ஒட்டிக்க.”

இதற்குள் செய்தி வாய்க்காலுக்கு வாய்க்கால் பாய்ந்துவிட்டது. கரண்டு வைத்தால் நெல் காய்ந்துவிடுமாம். பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் போன் பண்ணி, கொப்பரைக்கும் வைக்கலாமா என்று கேட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

“நெல்லுக்கு எந்த எடத்துலங்க வலிக்கும், கிளார்க்கம்மா?” என்றார் தியாகேசன்.

“சும்மா இருங்கண்ணே.”

“இல்ல, தெரிஞ்சா அந்த எடத்துல பாத்துத் தூக்குவோம்ல.”

*

ஐப்பசியில் ‘மின்வழி ஈர நீக்க முன்னோடித் திட்டம்’ வடுகக்கொல்லையில் தொடங்கிவைக்கப்படும் என்று அறிவித்தார்கள். களத்தின் நடுவே பந்தல் போட்டார்கள். காயப்போட்டிருந்த நெல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. விழா முடியும்வரை கொள்முதல் இல்லை. வடகிழக்கில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. தொடக்கவிழாவுக்குக் காத்தாயியின் குவியலைத் தேர்ந்தெடுத்து அதற்கு மாலை போட்டிருந்தார்கள். அவள் அதை மழை வருமுன் விற்றாக வேண்டும். அதன் பக்கத்தில் தார்ப்பாயோடு நின்றாள்.

மேடையில், பட்டுத்துணி விரித்த தட்டில், சந்தனம் குங்குமம் வைத்து அந்தப் பெட்டி இருந்தது. பெண் ஊழியர் என்பதால் தட்டை ஏந்தி நிற்கும் பொறுப்பை எழில்மொழிக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் நுஸைபா ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலோடு நின்றார். சிறப்பு விருந்தினர் இன்னும் வந்துசேரவில்லை. அவருக்காகப் பூந்துண்டு போர்த்திய பெரிய நாற்காலி ஒன்று காலியாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போதே எழில்மொழிக்கு ஆரம்பித்துவிட்டது. இப்போது இடுப்பிலிருந்து தொடை வரை யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கியது. கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், அவளுடைய மெஷின் குங்குமப் பொட்டோடு இருந்தது.

குஞ்சிதபாதம் மைக்கின் முன் நின்றார்.

“பெருமக்களே! இந்தக் கருவி நம்ம வாரியத்துக்கு வர்றதுக்கு முன்னால எப்படி இருந்துச்சு தெரியுமா? தனிமனித சுகத்துக்காக வீணாயிக்கிட்டிருந்துச்சு. அத மீட்டு நெல்லுக்குக் குடுத்தோம். நெல்லோட கஷ்டம் எங்களுக்குத் தெரியும். வாய் தொறந்து சொல்லாத ஜீவன்! சொல்லாதவங்க கஷ்டத்தையும் பாக்கிறதுதான் நிர்வாகம். சொல்றவங்களத்தான் நாங்க கொஞ்சம் சந்தேகப்படுவோம்...”

எழில்மொழி தட்டைக் கீழே வைத்தாள். பெட்டியை எடுத்தாள். குங்குமத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

“என்னம்மா பண்ற? வையி. விழா நடக்குது.” அவர் மைக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார், ஆனால் மைக் நல்ல மைக்.

“இது என்னுது சார்.”

“வாரியச் சொத்து! எண் போட்டாச்சு!”

“எண்ணோடயே ஒட்டிக்கிறேன் சார்.” அவள் குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. பக்கத்தில் மைக் இருந்ததால் அது களம் முழுக்கக் கேட்டது, வாய்க்காலைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது. “இது நெல்லுக்கு இல்ல. மாதவிடாய் வலிக்கு. மாசாமாசம் எனக்கு வரும். இப்ப வந்திருக்கு. இத வச்சுக்கிட்டா என்னால வேலை பாக்க முடியும். இல்லாட்டி முடியாது. அவ்வளவுதான் சார்.”

மேடையில் இருந்தவர்கள் பார்ப்பதற்கு இடம் தேடினார்கள். வானம் கறுத்திருந்தது, அங்கே பார்க்கப் பயமாக இருந்தது.  களத்திலிருந்து காத்தாயியின் குரல் வந்தது.

“குடுங்கய்யா அந்தப் புள்ளகிட்ட! எந்நெல்லுக்கு ஒரு வலியும் இல்ல. அதுக்கு வேண்டியது வெயிலு. அதையும் பந்தலப் போட்டு மறைச்சுட்டீங்க!”

“ஒழுங்கு நடவடிக்கை வரும்” என்றார் குஞ்சிதபாதம். யாரிடம் சொல்கிறார் என்பது தெளிவாக இல்லை.

“வரட்டும் சார்” என்றாள் எழில்மொழி.

நுஸைபா கத்தரிக்கோலால் மேடையின் பின்னால் கட்டியிருந்த பேனரின் கயிறுகளை வெட்டினார். சாக்குக் கட்டுகளின் பக்கம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வாங்கம்மா, மறைச்சுக்கிறேன்” என்றார். ‘மின்வழி ஈர நீக்க’ வரைக்கும் வெளியே தெரிந்தது. பின்னால் எழில்மொழி புதுப் பட்டைகளைப் பிரித்து ஒட்டிக்கொண்டு விசையை அழுத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. ஒரு படி கூட்டினாள். எறும்புகள் கிளம்பின.

அவள் திரும்பி வரும்போது தியாகேசனின் ஆட்கள் யார் சொல்லியும் காத்திராமல் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேகத்துக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. அது நேராக நெல்லின் மேல் விழுந்தது. அவளுடைய மேசையை மேடைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள், ஸ்டூலைக் காணவில்லை. பூந்துண்டு போர்த்திய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஈரப்பத மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“காத்தாயி அக்கா, மாலைய எடுத்துட்டு ஒரு பிடி கொண்டாங்க. அடுத்தது யாரு?”

வரிசை நின்றது. எண் வந்தது, எடுக்கலாம் என்றாள். எண் வந்தது, காயட்டும் என்றாள். இந்த முறை அதை யாருடைய குற்றம் போலவும் சொல்லவில்லை. குஞ்சிதபாதம் மேடை ஓரத்தில், என்ன எழுதுவதென்று கேட்கும் அறிவுச்செல்வனுக்குப் பதில் சொல்லாமல் நின்றார்.

சிறப்பு விருந்தினரின் கார் அப்போதுதான் வந்தது. வெள்ளை வேட்டி, கழுத்தில் வழியில் யாரோ போட்ட மாலை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் நாற்காலியின் முன்னால் நின்றார். எழில்மொழி நிமிர்ந்து பார்த்தாள்.

“நெல்லு கொண்டாந்திருக்கீங்களா சார்?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது.”